அவரவர் வாயால்

என் குரல் எப்படி இருக்கும் என்று எங்கள் டிப்போவில் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. நான் பேசுகிற ஆள் இல்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது வாத்தியாரே வீட்டுக்கு வந்து, "ஏன்டா நின்னுட்டே?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேனே தவிரப் பதில் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு திருச்சி ஜங்ஷன் பக்கம் ரயில் பெட்டி கழுவுகிற கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. வாளி, பிரஷ், சோப்புத் தண்ணீர். இந்த வேலைக்கு வாய் தேவையில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

தேவை என்று சொன்னவர் ஒருவர்தான். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. டிப்போவில் எல்லாருக்கும் அவர் கொடிக்கார அக்கா.

ஓடி முடித்த ரயிலை எங்களிடம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தண்டவாளத்துக்கு நடுவே ஆள் இறங்கி நின்று வேலை பார்க்க நீளமாக ஒரு குழி இருக்கும். பிட் என்போம். ஃபிட்டர்கள் அடியில் இறங்கி பிரேக், ஸ்பிரிங் எல்லாம் பார்ப்பார்கள். நாங்கள் மேலே கழுவுவோம். அதுவரைக்கும் ரயிலின் இரண்டு முனையிலும் தண்டவாளத்தில் சிவப்புக் கொடி நட்டிருக்கும். கொடி இருந்தால் எந்த இன்ஜினும் அந்த ரயிலைத் தொடக் கூடாது. கொடியை எடுத்துவிட்டால் அடியில் ஆள் இல்லை என்று அர்த்தம். கொடியை நடுவதும் எடுப்பதும் அக்காவின் வேலை.

நடுவது ஒரு நிமிஷம். எடுப்பதற்குத்தான் அரைமணி ஆகும். கொடிக் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பார். ஒவ்வொரு பெட்டியையும் கம்பால் இரண்டு தட்டு. பிறகு ஒரு பெயர். பெயருக்கு உரியவன் "வெளிய" என்று சொல்ல வேண்டும். பெயர் கூப்பிடும் வழக்கம் அக்காவுக்கு முன்பும் இருந்தது. ஆனால் அப்போதெல்லாம் யாருக்காகவும் யாரும் பதில் சொல்லலாம். அக்கா வந்துதான் அதை நிறுத்தினார்.

"சுந்தரம்!"

"அவன் வெளிய வந்துட்டான்க்கா. டீக்கடையில நிக்கிறான்," என்பார் ரஹீம் பாய். எங்கள் ஃபிட்டர்களில் வாய்த்துடுக்கு அவருக்குத்தான்.

"உன்னை யாரு கேட்டா? உன் வாய் உனக்கு. அவன் வாயைக் கொண்டா."

சுந்தரம் வடையைக் கடித்தபடி ஓடிவந்து ஏதோ சொல்வான்.

"வடைதான் சொல்லுது. நீ சொல்லு."

முழுங்கிவிட்டு, "வெளிய."

"ம். போயிட்டு வா."

"அக்கா, ரெண்டாவது பிட்ல சாரைப்பாம்பு ஒண்ணு இருக்கு. அதையும் ஒரு தடவை கூப்பிட்டுருங்க," என்பார் பாய்.

"பேரு வச்சுட்டுச் சொல்லு. கூப்பிடுறேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் குனிந்து வாளியைக் கழுவுவேன். அக்காவின் இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அவருடைய வீட்டுக்காரர் எங்கள் டிப்போவில் ஃபிட்டராக இருந்தவர். அதே இரண்டாவது பிட்டில் இறந்தார். அவருக்காக யாரோ ஒருவன் பதில் சொன்னதால் இறந்தார். அந்த ஒருவன் நான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு நல்ல மழை. மத்தியானம். தாமதமாக வந்து சேர்ந்த ரயில் சாயங்காலமே திரும்பக் கிளம்ப வேண்டும். சூப்பர்வைசர் அறையில் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது கொடிவேலை பார்த்தவர் ஒரு பெரியவர். குடையைப் பிடித்துக்கொண்டு முனையில் நின்றபடியே பெயர்களைக் கூப்பிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் பெயர் வந்தது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. எல்லாரும் நனைந்துகொண்டு நிற்கிறோம். ஒருவர் பச்சைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போவதைப் பார்த்தேன். பச்சைத் துண்டு வைத்திருந்தவர் டிப்போவில் அக்காவின் வீட்டுக்காரர் மட்டும்தான். என்னை யாரும் கேட்கவில்லை. என்ன பேய் பிடித்ததோ, வேலைக்கு வந்து முதல் தடவையாகக் குரலை உயர்த்திச் சொன்னேன்.

"அவரு வெளிய வந்துட்டாருங்க!"

கொடியை எடுத்தார்கள். இன்ஜின் வந்து இடித்துச் சேர்ந்தது.

துண்டு அவருடையதுதான். தலை வேறு ஆளுடையது. டீ வாங்கப் போனவன் மழைக்கு இரவல் கேட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். வீட்டுக்காரர் எட்டாவது பெட்டிக்கு அடியில், மழைச் சத்தத்தில் பெயர் காதில் விழாமல், பிரேக்கில் கையை வைத்தபடி இருந்தார்.

விசாரணை நடந்தது. "வந்துட்டாருன்னு ஒரு குரல் கேட்டுச்சு" என்றார் பெரியவர். யார் குரல் என்றார்கள். தெரியவில்லை, இதுவரை கேட்டதே இல்லாத குரல் என்றார். கான்ட்ராக்ட் ஆட்களை யாரும் விசாரிக்கவில்லை. நானும் போய் நிற்கவில்லை. வேலை போய்விடும், ஜெயிலில் போடுவார்கள் என்று பயம். பெரியவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி. முடியவில்லை. வெளியே வந்துவிட்டார் என்று ஒருவன் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் வந்தவர் திரும்பவும் ஏன் உள்ளே போனார்? இன்ஜின் வரப்போகிறது என்று தெரிந்த ஃபிட்டர் ஏன் போனார்? டிப்போவில் பேசினார்கள். பொன்மலை குவார்ட்டர்ஸில் பேசினார்கள். கடைசியில் அக்காவின் மாமியாரே வாசலில் நின்று பேசினாராம். காலையில் வீட்டில் சண்டை. சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமல் போனான் என் பிள்ளை. இவள் வாய்க்குப் பயந்துதான் சக்கரத்துக்கு அடியில் போனான்.

வாரிசு வேலையாக அக்காவை டிப்போவில் சேர்த்தபோது ஆபீசில் காகிதம் எடுத்துக்கொடுக்கிற வேலை தருவதாகச் சொன்னார்கள். "அந்தக் கொடியைக் குடுங்க, போதும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். எனக்கு இருபத்தைந்து.

முதல் நாள் அட்டையைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார்.

"சவரிமுத்து!"

"வெளிய" என்றது எனக்கே கேட்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டார். ரஹீம் பாய், "அவனுக்கு அம்புட்டுத்தாங்க்கா வால்யூம்" என்றார். அக்கா கம்பை ஊன்றி ஊன்றி நடந்து என் முன்னால் வந்து நின்றார். இடது காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொடுத்தார்.

"இப்ப சொல்லு."

"வெளிய."

"கூச்சமா தம்பி? பரவாயில்ல. நீ கத்த வேணாம். நானே வந்து கேட்டுக்கறேன்."

அன்றிலிருந்து அப்படித்தான். மற்றவர்களுக்குப் பத்தடி தூரத்திலிருந்து கூப்பிடுவார். எனக்கு மட்டும் பக்கத்தில் வந்து காதைக் கொடுப்பார். அவர் காதில் ஒரு சின்னச் சிவப்புக்கல் தோடு. அதற்கு ஒரு சாண் தள்ளி என் வாய். தினமும் ஒரு சொல் அந்தக் காதில் போனது. இன்னொரு வாக்கியம் அதற்குப் பின்னாலேயே தொண்டைவரை வந்து நின்றது.

ஒருமுறை மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு அவரே பிட்டில் இறங்கிப் பார்த்தார். வேலை முடிந்தது. அக்கா அட்டையில் அவர் பெயரையும் எழுதி வைத்திருந்தார். கூப்பிட்டார். சூப்பர்வைசர் பதறிப்போய், "சார் வந்துட்டாரும்மா, அங்க கார்கிட்ட நிக்கிறாரு பாருங்க" என்றார்.

"சாருக்கு வாய் இருக்குல்ல?"

கார் கிளம்ப இருந்தது. இன்ஜின் காத்துக்கொண்டிருந்தது. அக்கா கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கடைசியில் அதிகாரி திரும்பி வந்து, சிரித்தாரா முறைத்தாரா தெரியாது, "வெளிய" என்றார். அக்கா கொடியை எடுத்து, "போயிட்டு வாங்க சார்" என்றார். ரயில் தாமதம் ஆனதற்கு அக்காவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். 'பதில் வரவில்லை. வந்ததும் எடுத்தேன்' என்று இரண்டே வரி எழுதிக்கொடுத்தார்.

அந்தப் 'போயிட்டு வா' ஒன்று உண்டு அவரிடம். யாரையும் 'போ' என்று சொல்ல மாட்டார். தண்ணீர் குடிக்கப் போகிறவனிடமும் போயிட்டு வா. சண்டைபோட்டு முறைத்துக்கொண்டு போகிறவனிடமும் போயிட்டு வா. பிட்டோரம் வந்த நாயைக்கூட, "போயிட்டு வாடா" என்றுதான் விரட்டுவார். ரஹீம் பாய் ஒருநாள் கேட்டார்: "ஏன்க்கா, நாயையும் திரும்பி வரச் சொல்றீங்க?"

சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் நான்கைந்து பேர் இருந்தோம். அக்கா டப்பாவை மூடி வைத்தார்.

"அன்னிக்குக் காலைல அவரைப் போய்த் தொலைங்கன்னேன் பாய். கொழம்புல உப்பு இல்லைன்னாரு. அதுக்குத்தான். எல்லா வீட்லயும் சொல்றதுதான். தூக்கை எடுக்காமப் போனாரு. மத்தியானம் ஒரு வாய் சோறு திங்காமச் செத்துப் போயிட்டாரு."

பாய் கையிலெடுத்த சோற்றை டப்பாவிலேயே திரும்பப் போட்டார்.

"கொடிக்காரப் பெரியவர் கெடையா கெடந்தப்பப் போய்ப் பாத்தேன். யாரு குரல்னு கேட்டேன். கேக்காத குரலா இருந்துச்சும்மான்னு அழுதாரு. அந்தக் குரலைத்தான் தேடிட்டிருக்கேன்."

"கெடச்சா என்ன பண்ணுவீங்க? வெட்டவா போறீங்க?"

"வெட்டி என்ன வரப்போவுது? ஒண்ணே ஒண்ணு கேப்பேன். நீ நெசமாவே அவரைப் பாத்தியா? பாத்தேன்னு சொன்னா, வெளிய வந்த மனுசன் என் வார்த்தையாலதான் திரும்பிப் போனாரு. பாக்கலைன்னு சொன்னா..." அதற்குமேல் சொல்லாமல் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

என் கையில் சோற்று உருண்டை இருந்தது. பார்க்கலைக்கா. ஒரே ஒரு சொல்தான். நான் எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினேன். "சவரி, அதுக்குள்ள ஆயிருச்சா? போயிட்டு வா" என்றார் அக்கா பின்னாலிருந்து.

ஒரு தவக்காலத்தில் எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார். "கடவுள் மன்னிப்பாரு. ஆனா அந்த அம்மா கடவுள்கிட்டயா கேட்டுட்டிருக்கு? உன்கிட்டல்ல கேக்குது. உன் வாயாலயே போய்ச் சொல்லு. அதுதான் உனக்கு அபராதம்" என்றார். அவர் அக்காவைப் பார்த்ததே இல்லை. அக்காவின் வார்த்தை அவர் வாயில் எப்படி வந்தது என்று எனக்கு வேர்த்துவிட்டது. அந்த அபராதத்தையும் நான் செலுத்தவில்லை. ஒரு வருஷம் சொல்லாததற்குப் பயம் என்று காரணம் சொல்லலாம். பத்து வருஷம் சொல்லாததற்கு என்ன காரணம் சொல்வது? இருபது வருஷத்துக்கு? காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். என் மனைவி சட்டையோடு சேர்த்து அதையும் துவைத்துவிட்டாள்.

இதற்கிடையில் டிப்போ மாறிக்கொண்டே போனது. சின்ன லைனில் ஓடிய மீட்டர்கேஜ் பெட்டிகள் போயின. நீலப் பெட்டிகள் வந்தன. அவையும் குறைந்து இப்போது சிவப்புப் பெட்டிகள். இரண்டு பிட் மூன்றானது. கூரை போட்டார்கள். ஒருநாள் கம்பத்தில் சங்கு வைத்தார்கள். மூன்று தடவை ஊதினால் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும், இனிப் பெயர் கூப்பிட வேண்டியதில்லை என்றார் புதிதாக வந்த இளம் சூப்பர்வைசர்.

"சங்கு ஊதும் சார். கேக்குமா?" என்றார் அக்கா.

சங்கு ஊதி முடித்த பிறகு அக்கா பழையபடி கம்பை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அந்தச் சங்கும் பிரேக்குக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரும் சேர்ந்துதான் அவர் காதைத் தின்றன என்று நினைக்கிறேன். கடைசி இரண்டு மூன்று வருஷமாக எல்லாரிடமும் பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தார். எனக்கு மட்டுமே என்று இருந்தது எல்லாருக்கும் ஆனது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்ப்பார். வயசாகிவிட்டது, பாசம் கூடிவிட்டது என்றார்கள். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. உதடு அசைந்தது, குரல் வரவே இல்லை. அக்கா தலையாட்டிவிட்டு, "போயிட்டு வா" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். காது கேட்கவில்லை என்று தெரிந்தால் கொடியை வாங்கிவிடுவார்கள். அதனால் மறைக்கிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கலக்கம் அவருக்காக இல்லை. தினமும் என் வாய்க்கு முன்னால் வந்த காது. எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் வைத்திருந்த காது. அது மூடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். கடைசியாக ஒருதரம் எல்லார் பெயரையும் கூப்பிட்டார். என் முன்னால் வந்து நின்றபோது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. "வெளிய" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டோடு இருப்பதாகத் தெரிந்தது. மூன்று தடவை ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். ஒருதடவை காவிரிப் பாலத்திலேயே இறங்கித் திரும்பினேன். இரண்டு தடவை தெருமுனைவரை போய் வந்தேன். போன மாதம் ரஹீம் பாய் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அக்கா ரொம்பத் தளந்துருச்சு சவரி. வெறிச்சுப் பாத்துட்டே இருக்கு. பச்சைத் துண்டு போட்டு எவனாச்சும் தெருவுல போனா எந்திரிச்சு நின்னுருதாம்." அக்காவுக்கு அந்தத் துண்டைத் தெரியும். அவர்தானே தினமும் துவைத்தவர்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் பூக்கட்டுகிறவர்கள் இரண்டு பேர். கோயிலுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சவரியா? வா தம்பி, வா," என்றார். வழக்கம்போல இடது காதை நீட்டினார்.

சொன்னேன். இருபத்தாறு வருஷம் கழித்துச் சொன்னேன். ஆனால் என் குரலில் சொன்னேன்.

"கேக்கல தம்பி."

மறுபடியும் சொன்னேன். என் உதட்டையே பார்த்தார். 'வெளிய' என்றால் உதட்டில் படித்துவிடுவார். இது நீளமாக இருந்தது. தங்கை உள்ளேயிருந்து வந்தார். "மெதுவாச் சொன்னா சுத்தமா கேக்காதுங்க இப்ப. கத்தித்தான் சொல்லணும். என்ன விஷயம்னு என்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

அப்பாடா என்று இருந்தது. தங்கை பக்கம் திரும்பினேன். காது கேட்காத அக்காவுக்கு அது மட்டும் எப்படித்தான் புரிந்ததோ, தங்கையின் கையைத் தட்டிவிட்டார்.

"உன்னை யாரு கேட்டா? அவன் வாய் அவனுக்கு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அன்னிக்கு அவரு வெளிய வந்துட்டாருன்னு சொன்னது நாந்தாங்க்கா!"

என் வாழ்க்கையில் இரண்டாம் தடவை. பூக்கட்டுகிற கைகள் நின்றன. போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"யாரைப் பாத்துச் சொன்னே?"

"துண்டைக்கா! பச்சைத் துண்டை! வேற ஆள் அதைப் போட்டிருந்தாரு! நான் அவரைப் பாக்கவே இல்ல!"

"அவரு வெளிய வரலையா?"

"வரலக்கா!"

"வந்துட்டுத் திரும்பிப் போவலையா?"

"வரவே இல்லக்கா! வேலை பாத்துட்டிருந்தாரு!"

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். இன்னொரு தடவை என்றார். சொன்னேன். தெருவே கேட்டது. என் தொண்டை கிழிந்தது. அக்கா தங்கையைப் பார்த்து, "வேலை பாத்துட்டிருந்தாராம்டி. கோவிச்சுட்டுப் போவலையாம்" என்றார். அவர் முகம் சின்னப் பெண் முகம்போல ஆகிவிட்டிருந்தது. பிறகு மெதுவாக அது என் பக்கம் திரும்பியது.

"தெனம் வந்து நின்னேனேடா உன் மூஞ்சிக்கு நேரா. காதை நீட்டிக்கிட்டு."

காலில் விழலாம் என்று குனிந்தேன். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். முறத்தை எடுத்து மடியில் வைத்தார். ஒரு கொத்தை எடுத்து உருவினார். என்னைப் பார்க்கவில்லை.

"போ" என்றார்.

நான் தெருமுனைவரை போய் நின்றேன். இன்னும் ஒரு 'வா' பாக்கி இருக்கிறது, மறந்துபோய் விட்டிருப்பார், பின்னாலிருந்து வரும் என்று நின்றேன். கோயில் கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது. பஸ் ஒன்று வந்து போயிற்று. அடுத்ததும் போயிற்று. நாயைக்கூட அப்படிச் சொல்லாதவர்.